"வாவிக்கரை" வெளிவந்தாச்சு, கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

டூம் 2 என்ற பழைய சுடுகிற கேமுக்கு நாங்கள் செய்த "வாவிக்கரை" மொட் (அந்தக் கேமுக்குள்ளேயே ஓடுகிற எங்கட சொந்த மெப்புகள்) வெளியானதிலிருந்து முன்பின் தெரியாதவர்கள்கூட விளையாடிவிட்டுச் செய்தி அனுப்புகிறார்கள், சந்தோசம். ஆனால் பாதிப்பேர் என்னைத்தான் பாராட்டுகிறார்கள், அது சரியில்லை. மெப்புகளை, அதாவது விளையாடுகிற களங்களை, கீறினது நான்தான், அதை விளையாடக்கூடிய ஒன்றாக ஆக்கினது வேறு ஆட்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் ஊரையும் முறையையும் வைத்தே சொல்கிறேன், உங்களுக்கு விளங்கும்.

முதல் நன்றி ஆரையம்பதி மாமிக்கு. கேம் பக்கமே வராத மனிசி. மட்டக்களப்புக் கோட்டையை வைத்துச் செய்த மெப் ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கோட்டைக்குள்ள மனிசரச் சுடுறதப் பாக்க ஏலாது மகன், பேய்களச் சுடுங்க" என்றா. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. இந்த ஊரில் அந்த வயதில் இருக்கிற ஒருவர் அப்படிச் சொன்னால், ஏன் என்று கேட்கிற ஆள் நானில்லை. மனித உருவில் வருகிற எதிரிகள் அத்தனை பேரையும், துவக்குக்காரன், ஷொட்கன்காரன், செயின்கன்காரன் என்று பார்க்காமல், எல்லா மெப்பிலிருந்தும் தூக்கிவிட்டோம்.

அப்படித் தூக்கினால் என்ன நடக்கும் என்று டூம் பழகினவர்களுக்குத் தெரியும். செத்து விழும்போது குண்டும் துவக்கும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்தானே. பேய்களில் இம்ப் செத்தால் ஒன்றும் தராது, பிங்கி என்கிற பேயும் அப்படித்தான். இம்புக்கு உயிர் 60, கைத்துவக்குக் குண்டு ஒன்று 5, 10 அல்லது 15 எடுக்கும், ஆக ஒரு இம்புக்கே சராசரியாக ஆறு குண்டு வேணும், கோட்டை முற்றத்தில் நிற்பதோ ஒரு கூட்டம். மெப்பின் நடுவில் நின்று வெறுங்கையால் குத்துகிற நிலை வந்துவிட்டது.

அந்த நேரம் வந்து சேர்ந்தவர்தான் காத்தான்குடி காக்கா. கடைக் கணக்கு எழுதுகிற சீ.ஆர். கொப்பி ஒன்றில் மெப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். இடப்பக்கம் நிற்கிற எதிரிகளின் உயிரைக் கூட்டி எழுதுவார், வலப்பக்கம் தரையில் கிடக்கிற குண்டெல்லாம் சேர்ந்து எவ்வளவு உயிரை எடுக்கும் என்று எழுதுவார். ஷொட்கன் வெடி ஒன்றில் 7 சன்னம், அத்தனையும் பட்டால் சராசரி 70, ஆனால் தூரத்தில் நின்று சுடுகிறவனுக்கு அத்தனையும் படுமா என்று கேட்டு, மூன்றில் ஒரு பங்கைச் சேதாரம் என்று கழித்துவிடுவார். "தம்பி, விளையாடுறவனக் கடனாளியாக்கவும் வேணாம், முதலாளியாக்கவும் வேணாம்" என்று சொல்லித்தான் ஒவ்வொரு பக்கத்தையும் தந்தார். தோட்டாப் பெட்டிகளை நான் பரப்பினது முழுக்க அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான். "குண்டு எப்பவும் இழுபறியாவே இருக்கு, அதான் நல்லா இருக்கு" என்று எழுதுகிறீர்களே, அந்தப் பாராட்டு காக்காவுக்குப் போக வேண்டியது.

அப்புறம், கல்லடியில் பெயர்ப் பலகை எழுதுகிற அண்ணன். டூம் 2-இல் ஒரு மெப் முடிந்ததும் திரையில் வருகிற பெயர் எழுத்துருவில் இல்லை, அது ஒரு சின்னப் படம். அதனால் தமிழில் போடலாம், யாராவது வரைந்து தந்தால் போதும். மூலத் திரையே 320-க்கு 200 புள்ளிதான், அண்ணன் தூரிகையால் அழகாக எழுதித் தந்த "மண்முனைத் துறை"யைச் சுருக்கினால் "ண்"ணில் இருந்த சுழியெல்லாம் அடைபட்டு ஒரே சிவப்புப் பொட்டாகிவிட்டது. வேறு யாரும் என்றால் கையை விரித்திருப்பார்கள். இவர் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, சுழிகளை வாய் திறந்தாற்போல அகட்டி, "னை"யின் கொம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கட்டம் கட்டமாகத் திரும்ப எழுதினார். எல்லா மெப்பின் பெயரும் அவர் கை. காசு கொடுக்கப் போனால் ஏச்சுத்தான் கிடைத்தது.

வாவியில் தோணி விட்ட மாமாவுக்கும் நன்றி. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று ஊரில் சொல்வதை நம்பி, நிலவு நேரத்தில் எங்களைக் கூட்டிப்போனார். மீன் எங்களுக்குப் பாடவில்லை, அதற்கும் ஒரு மனநிலை வேணும்போல. ஆனால் துடுப்புச் சத்தம் கிடைத்தது, பாலத்து மெப்பில் கேட்பது அதுதான்.

அந்தப் பாலத்துக்குக் கீழே ஏன் போக முடியவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பழைய டூமில் ஒரே இடத்தில் மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம் என்று வைக்க ஏலாது. டூமை ஓட்டுகிற புதிய எஞ்சின்களில் (மென்பொருள்களில்) வைக்கலாம்தான், ஆனால் அக்கரைப்பற்றுத் தம்பியின் லப்டொப் இழுக்காது. அவர்தான் மற்ற எல்லாரையும்விட அதிகம் விளையாடிச் சோதித்தவர், அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பாலம் அப்படியே இருக்கட்டும்.

டூமைச் செய்தவர்களில் ஒருவரான ஜோன் கார்மக் 1997 டிசம்பரில் டூமின் மூலநிரலை வெளியிட்டிராவிட்டால் இன்றைக்கு இதொன்றும் இல்லை. மெப் கீறவும் கேம் கோப்புகளைத் திருத்தவும் உதவுகிற அல்டிமேட் டூம் பில்டர், ஸ்லேட் என்ற மென்பொருள்களை இலவசமாகத் தந்து இன்னமும் பராமரிக்கிறவர்களுக்கும் நன்றி, நம்மட ஊர்ப் பிள்ளைகள் காசில்லாமல் மெப் செய்யப் பழகினது அவற்றில்தான்.

டூம் 2 வாங்க வசதியில்லாதவர்கள் அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற ஃப்ரீடூமைப் போட்டு ஓட்டலாம், படங்கள் வேறுமாதிரித் தெரியும், விளையாட்டு அதேதான். கோட்டை மெப்பில் கொத்தளத்துப் படிகளில் யாராவது சிக்கினால் எந்த இடம் என்று ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்புங்கள், அக்கரைப்பற்றுத் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறார்.