பச்சைச் சீட்டும் பென்சிலும்

மெல்போர்ன்,
மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? "முதல் முறையா ஓட்டுப் போட்டியே, உன் தொகுதி எப்படிப்பட்டது?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி மாளாது, அதனால் எழுதுகிறேன்.

தொகுதியின் பெயரே மெல்போர்ன்தான். நகரத்தின் நடுப்பகுதியும், நான் குடியிருக்கும் வடக்கு மெல்போர்ன், கார்ல்டன் போன்ற பழைய பேட்டைகளும் சேர்ந்தது. 1901இல் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்தே இருக்கிறது. 1903இல் ஒரு கப்பல் முதலாளி இங்கே சொற்ப ஓட்டில் ஜெயித்தார். தபால் ஓட்டுகள் முறையாகப் பதிவாகவில்லை என்று அந்தத் தேர்தலே செல்லாமல் போனது. தேர்தல் வேலையில் தபால் ஓட்டு உறையைக் கையெழுத்துக்காக மூன்று முறை புரட்டிப் பார்ப்பீர்களே, உங்களுக்கு இது புரியும். 1904இல் மறுதேர்தலில் தொழிற்கட்சியின் டாக்டர் வில்லியம் மலோனி வந்தார். 1940இல் சாகும்வரை அவர்தான் உறுப்பினர். அதற்கெல்லாம் முன்பே, 1889இல், விக்டோரியா சட்டமன்றத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு மசோதா கொண்டுவந்தவர்.

அவருக்குப் பின் 1972 வரை ஆர்தர் கால்வெல். இவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பிறந்தது பக்கத்திலேயே, மேற்கு மெல்போர்னில். 1945இல் இந்த நாட்டின் முதல் குடியேற்ற அமைச்சர் ஆனார். போரில் வீடிழந்த ஐரோப்பியர்களைக் கப்பல் கப்பலாக வரவழைத்தார். அதே மனிதர், போர்க்காலத்தில் அடைக்கலம் வந்த ஆசியர்களை வெளியேற்றியே தீருவேன் என்று நின்றார். இந்தோனேசியாவிலிருந்து வந்து இங்கேயே மணம் முடித்த ஆனி ஓகீஃப் என்ற பெண்ணையும் விடவில்லை. 1949இல் உயர்நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெள்ளையருக்கே ஆஸ்திரேலியா என்ற கொள்கை முற்றாக ஒழிந்தது 1973இல்தான். அப்பா, அதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மைப் போன்றவர்கள் இங்கே வாழவே கூடாது என்று நினைத்தவரின் தொகுதியில் என் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது.

1904 முதல் தொழிற்கட்சியின் கோட்டை. 2010இல் பசுமைக் கட்சியின் ஆடம் பேண்ட் அதை உடைத்தார். முதல் எண்ணிக்கையில் அவர் பின்தங்கித்தான் இருந்தார். மற்றவர்களின் விருப்ப ஓட்டுகள் அவரைத் தூக்கிவிட்டன. இங்கே ஒருவருக்கு முத்திரை குத்தினால் போதாது, எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இந்த முறை அதே கணக்கு பேண்டைக் கவிழ்த்தது. முதல் எண்ணிக்கையில் முந்தியவர் அவர், ஜெயித்தது தொழிற்கட்சியின் சாரா விட்டி.

மே 3 அன்று காலையிலேயே போனேன். பள்ளி வாசலில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடையாள அட்டை கேட்கவில்லை. பெயர், முகவரி, "இந்தத் தேர்தலில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டீர்களா?", அவ்வளவுதான். பூத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்த உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அட்டைத் தடுப்புக்குள் ஒரு பென்சில் இருந்தது. பச்சைச் சீட்டில் 1 போடும்போது கை நடுங்கியது. தப்பாகிவிடுமோ என்று எல்லா எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்தேன். வெளியே வந்ததும் பழக்கதோஷத்தில் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். இங்கே மை வைப்பதில்லை.

குடியுரிமை மாறியதும் நம் ஊர்ப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க நீங்களே மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அன்று போனில் அதிகம் பேசவில்லை. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் அப்பா. அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தலில் நீங்களும் அம்மாவும் ஓட்டுப் போட்டதும், மை விரலோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்