பனிக்குப் பூசும் வெள்ளை

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். குளிருக்கு வேண்டியதெல்லாம் வாங்கியாயிற்று, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்குள்ள மர அச்சுப் படங்களைப் பற்றிப் போனில் கேட்டீர்களே, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியர் 1857இல் வரைந்த கழுகுப் படம் என்னை விடமாட்டேன் என்கிறது. மேலே இறக்கை விரித்த கழுகு, கீழே பனி மூடிய சதுப்பு, தண்ணீரில் மிதக்கும் ஒரு மரத்தொட்டி, தூரத்தில் ட்ஸுகுபா மலை. அந்த இடம் நான் வேலைக்குப் போகிற டோசாய் ரயில் பாதையில்தான் இருக்கிறது. கிபா, டோயோச்சோ ஸ்டேஷன்களைச் சுற்றி இப்போது வெறும் கட்டிடங்கள். கழுகைக் கம்பீரத்தின் சின்னம் என்பார்கள். எனக்குத் தெரிவது பசி. பனிக்காலத்தில் இரை தேடும் பசி.

அப்பா, அந்தப் பனிக்குப் பெரும்பாலும் வெள்ளை பூசுவதே இல்லை! பனி வரவேண்டிய இடத்தில் அச்சுக் கட்டையின் மரத்தைத் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். அங்கே மை படாது. காகிதத்தின் வெள்ளையே பனியாகிவிடும். வெள்ளைப் பறவைக்கு இன்னொரு வேலைப்பாடு உண்டு. மை தொடாத கட்டையில் காகிதத்தை வைத்துத் தேய்ப்பார்கள். இறகின் வரிகள் மேடும் பள்ளமுமாக எழும்பும். ஓவியர் ஓஹாரா கோசனின் (1877–1945) பனிக்கொக்குகளில், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் இறகே தெரியும்.

மூங்கிலும் சிட்டுக்குருவியும் சேர்ந்தே வரும். பனிச் சுமையில் மூங்கில் வளையும், ஒடியாது. குளிருக்கு உப்பிய குருவி வளத்துக்கு அடையாளம். கொக்கைப் போலவே நெடிய காலுள்ள கிரேன் என்ற பறவை நீண்ட ஆயுளுக்கு அடையாளம். ஆயிரம் ஆண்டு வாழும் என்பது இவர்கள் நம்பிக்கை.

எனக்குப் பிடித்தது மாண்டரின் வாத்து ஜோடி. ஆண் ஆரஞ்சும் நீலமுமாக மின்னும், பெண் சாம்பல் நிறம். உறைந்த குளத்திலும் பிரியாத தம்பதி என்று வரைகிறார்கள். நிஜத்தில் இவை ஆண்டுதோறும் துணை மாற்றுவதுண்டாம். இருந்தாலும் படத்தைப் பார்க்கும்போது, இடையில் ஒரு பூ வந்தாலே ஓராண்டுப் பிரிவாகத் தவிக்கும் நம் குறுந்தொகையின் மகன்றில் பறவை ஜோடிதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும் குரலும் கூடவே.

அந்த ஜோடிப் படத்தின் மறு அச்சு ஒன்றை, ஊருக்கு வரும் நண்பரிடம் உங்களுக்கும் அம்மாவுக்குமாகக் கொடுத்தனுப்புகிறேன். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அப்புறம், கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் உடனே சொல்லுங்கள், லீவு போட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்