உப்பளத் தொழிலாளர்களுக்குக் கைரேகை பதியாவிட்டாலும் ரேஷன் பொருள் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
உப்பளத் தொழிலாளர் குடும்பத்தினர்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: நியாயவிலைக் கடையில் கண்ணின் கருவிழியைக் கொண்டு ஆளைச் சரிபார்க்கும் கருவி வைக்கவும், அதுவும் பதியாதவர்களுக்குப் பதிவேட்டின்படி பொருள் வழங்கவும் வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் பெரும்பாலோருக்கு மாசியிலிருந்து புரட்டாசி வரை உப்பளத்தில்தான் பிழைப்பு. உப்புத் தண்ணீரிலேயே கை கிடப்பதால் விரல் தோல் உரிந்து, வெடித்து, ரேகை மழுங்கிவிடுகிறது. கடையில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாலும் மிஷின் ஏற்பதில்லை. வீட்டில் வேறு ஆள் இருந்தால் அவர் ரேகை வைத்து வாங்கிவிடலாம். தனியாக இருக்கும் மூதாட்டிகள் என்ன செய்வார்கள்? அவர்களில், மிக ஏழைக் குடும்பங்களுக்குத் தரப்படும் அந்தியோதயா அட்டை வைத்திருப்பவர்களும் உண்டு. மாதம் 35 கிலோ அரிசியை நம்பித்தான் அவர்கள் வீட்டில் உலை வைப்பது. "நாளைக்கு வாங்க பாட்டி" என்று திருப்பி அனுப்பினால் மறுநாள் கூலியும் போய்விடுகிறது.

ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நிற்கும்போது தோல் ஆறும். அப்போது ரேகை பதியவும் செய்யும். மறுபடி பாத்தியில் இறங்கினால் பழையபடி தேய்ந்துவிடும். ஆகவே எங்களுக்கு அது நிலையான தீர்வு ஆகாது.

ஆதாரில் பத்து விரல்களோடு இரண்டு கருவிழிகளும் பதிவாகியுள்ளன. தமிழகத்தில் பல கடைகளுக்குக் கருவிழிக் கருவி வந்துவிட்டது. எங்கள் கடைக்கும் அதை விரைவில் வழங்க வேண்டுகிறோம். ஆனால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்தே கண் கெட்டவர்கள் இங்கே பலர். கண்ணில் கோளாறு முற்றியவர்களுக்குக் கருவிழியும் பதியாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் குடும்ப அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அன்றைக்கே பொருள் தர எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால், பின்னால் தணிக்கை வருமே என்று கடை ஊழியர் அஞ்சுகிறார். அவர் அச்சமும் நியாயமானதே.

இது புதிய சலுகை அன்று. ரேகை பதியாதவர்களுக்கு இப்படிப் பதிவேட்டில் எழுதிப் பொருள் வழங்கும்படி ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், சரிபார்ப்பு தவறியதால் தகுதியுள்ளவருக்குப் பலன் மறுக்கப்படக் கூடாது என்கிறது.

நடக்க முடியாதவர்கள் தம் சார்பில் வேறொருவரை அனுப்புவதற்கான அங்கீகாரச் சான்றுப் படிவத்தையும் கடையிலேயே கிடைக்கச் செய்ய வேண்டுகிறோம்.

எங்கள் பங்கை வேறு எவரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே ரேகை முறை வந்தது என்பதை அறிவோம். அது தொடரட்டும். அடுத்த மாத விநியோகத்துக்கு முன்பே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உப்பளத் தொழிலாளர் குடும்பத்தினர்

இணைப்பு: ரேகை பதியாத அட்டைதாரர்களின் பட்டியல், கையொப்பங்கள்.