எழுத்து ஓடும்போது எழுந்துவிடுகிறோம்

ஆசிரியருக்கு,

போர்ப் படங்கள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கற்பனை கலக்காமல் படம் எடுக்க முடியாது என்கிறீர்கள், சரி. ஆனால் யார் செய்தது என்பதையே மாற்றுவது வேறு விஷயம். 2000-இல் வந்த ‘யூ-571’ என்ற இரண்டாம் உலகப் போர்ப் படத்தில் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டு இயந்திரத்தை அமெரிக்கக் கடற்படையினர் கைப்பற்றுகிறார்கள். உண்மையில் 1941 மே மாதமே ‘யூ-110’ நீர்மூழ்கியிலிருந்து அதை எடுத்தவர்கள் பிரிட்டனின் ‘புல்டாக்’ கப்பல் வீரர்கள். அமெரிக்கா போரில் இறங்கியதே அந்த ஆண்டு டிசம்பரில்தான்! படத்தின் முடிவில் இந்த உண்மை எழுத்தில் வரத்தான் செய்கிறது. அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வரலாற்று ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாணவன் விடைத்தாளில் அமெரிக்கர்கள் என்றே எழுதியிருந்தான். மதிப்பெண்ணைக் குறைத்தேன். “படத்துல பார்த்தேனே சார்” என்று சண்டைக்கு வந்தான். பாடப்புத்தகத்தைக் காட்டியும் முகம் தெளியவில்லை. எனவே, எந்தெந்தச் சம்பவங்கள் மாற்றப்பட்டன என்பதைப் படம் தொடங்கும் முன்பே, படிக்கும் அளவு எழுத்தில் காட்டச் சொல்லலாம். புகையிலை எச்சரிக்கைக்கு நேரம் ஒதுக்குபவர்களுக்கு இது பெரிய சுமை அல்ல.

— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்