பிரெஸ்ட்டிலிருந்து ஒரு பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்

பிளைமவுத், பிரெஸ்ட் இரண்டு நகர மன்றத்தாருக்கும்,

வணக்கம். இங்கிலாந்தின் பிளைமவுத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். இதை ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பத்தான் போகிறேன். ஆனால் உரிமையோடு ஒன்று கேட்க வேண்டுமென்றால் எனக்குத் தமிழில்தான் வாய் வருகிறது.

பள்ளியில் ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று என் மகள் தேடிக்கொண்டிருந்தாள். பிளைமவுத்தின் சகோதர நகரம் பிரான்ஸில் உள்ள பிரெஸ்ட், 1963 முதல், என்று இருந்தது. "பிரெஸ்ட் நமக்கு எந்த வழியில் சொந்தம்ப்பா?" என்றாள். சொல்ல உட்கார்ந்தால் கதை நீண்டுவிட்டது.

இரண்டுமே கடற்படை ஊர்கள். இரண்டுமே குண்டு விழுந்து தரைமட்டமானவை. 1941 வசந்தத்தில் ஜெர்மன் விமானங்கள் பிளைமவுத்தின் நடு ஊரை எரித்தன. கூரை போன சார்ல்ஸ் தேவாலயம் இன்றும் சாலை ரவுண்டானா நடுவில் அப்படியே நிற்கிறது. பிரெஸ்ட்டின் கதை இன்னும் சிக்கல். போரில் பிரான்ஸைப் பிடித்த ஜெர்மானியர் அங்கே நீர்மூழ்கித் தளம் கட்டினார்கள்; அதனால் அந்த ஊர்மேல் குண்டு போட்டது பிரிட்டிஷ் விமானங்கள். 1944-ல் அமெரிக்கப் படை முற்றுகையிட்டு ஊரை மீட்டபோது மிச்சமென்று சொல்ல அதிகமில்லை. தன் ஊரை இடித்த நாட்டில் இருக்கும் ஒரு ஊரோடு, இருபது வருஷம்கூட ஆகாத நிலையில், பிரெஸ்ட் கைகோத்திருக்கிறது. நான் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அதுவும் எந்த வருஷம் பாருங்கள். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டனைச் சேர்க்க முடியாது என்று பிரெஞ்சு அதிபர் தெகோல் மறுத்தது 1963 ஜனவரியில். பெரியவர்கள் பேச்சு முறிந்த அதே வருஷம் நீங்கள் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறீர்கள்! பத்து வருஷம் கழித்து, பிரிட்டன் உள்ளே சேர்ந்த மறுநாள், 1973 ஜனவரி 2, பிரெஸ்ட் இருக்கும் பிரெத்தாஞ் பகுதி விவசாயிகள் சொந்தமாகத் தொடங்கிய கப்பல் அங்குள்ள ரொஸ்கோஃப் துறைமுகத்திலிருந்து பிளைமவுத்துக்குக் கிளம்பியது. அவர்களுக்கு வேண்டியது தங்கள் காலிஃபிளவரை விற்பது, அவ்வளவுதான். அந்தக் கப்பல் தடம் இன்றும் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் பிரான்ஸ்.

2016-ல் பிளைமவுத்தில் வாக்களித்தவர்களில் சுமார் அறுபது சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறத்தான் வாக்களித்தார்கள். சரி, அது அவர்கள் உரிமை. ஆனால் அடி விழுந்தது பிள்ளைகள் மேல். 2021 அக்டோபரிலிருந்து பிரெஞ்சு அடையாள அட்டை இங்கே செல்லாது என்றானது. பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? அடையாள அட்டையே போதும் என்று இங்கே வராமல் அயர்லாந்துக்குப் போகலாம். இந்தப் பக்கமும் நிலைமை சுகமில்லை. 2004-க்குப் பிறகு இங்கிலாந்தில் பதினான்கு வயதுக்கு மேல் வெளிநாட்டு மொழி கட்டாயப் பாடமே இல்லை.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 2023 டிசம்பர் கடைசியிலிருந்து, பிரான்ஸ் பள்ளிகளில் படிக்கும் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள் ஆசிரியரோடு குழுவாக வந்தால், அதற்கான படிவம் இருந்தால் போதும், பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டையே செல்லும். இதைப் பிரெஸ்ட் மன்றத்தார் ஒவ்வொரு பள்ளிக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது பிளைமவுத்துக்கு. வருகிறவர்களை விடுதியில் தங்கவைக்காதீர்கள். விருந்தாளி வீட்டில் தங்கினால்தான் உறவு. பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் வீடுகளுக்கு டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும், பள்ளிகள் அதற்கே மலைக்கின்றன என்று தெரியும். அந்தப் படிவ வேலையை மன்றம் எடுத்துக்கொள்ளலாமே. எங்களைப் போல வந்து குடியேறியவர்களையும் கேளுங்கள், மேயர் விருந்துக்கு வருகிற அதே முகங்களை மட்டும் கேட்காமல்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை காலி. பிரெத்தாஞ்ஞில் கல்லில் மாவு ஊற்றிச் சுடும் கலேத்தும் எங்கள் தோசையும் ஒரே கல்லில் பிறந்தவை போலத்தான் இருக்கும், வருகிற பிள்ளைக்குச் சாப்பாட்டுக் கவலை வேண்டாம். பேச்சுக்குத்தான் சிரமம். என் மகளுக்கு இப்போதைக்குத் தெரிந்த பிரெஞ்சு "என்னிடம் ஒரு பூனை இருக்கிறது" என்பது மட்டும். எங்களிடம் பூனையும் கிடையாது.

இப்படிக்கு,
பிளைமவுத்திலிருந்து ஒரு அப்பா