விரல்கள் தாமாக ஓடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பியானோ கச்சேரி விமர்சனத்தில், 'பிறவி வரம் பெற்றவர் என்பதால் விரல்கள் தாமாகவே ஓடின' என்று ஒரு வரி. பாராட்டும் எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மேடையில் வாசிக்கிறவர் எவரையும் அந்த வரி புண்படுத்தும். விரல் தாமாக ஓடத் தொடங்கும் இடத்தில்தான் கச்சேரி கவிழும்.

சொனாட்டா என்னும் இசை வடிவத்தின் அமைப்பு தங்களுக்குத் தெரியாததல்ல. தொடக்கத்தில் வந்த மெட்டு கடைசிப் பகுதியில் திரும்ப வரும். சில அடிகள் அச்சு அசலாக அப்படியே போய், ஏதோ ஓர் ஸ்வரத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும். விரல் பழக்கத்தை மட்டும் நம்பியவர் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு, சில நிமிடங்களுக்கு முன் வாசித்த இடத்திலேயே போய் நிற்பார். அதைத் தடுக்கத்தான் இடது கையை மட்டும் தனியே மனப்பாடமாக வாசித்துப் பார்க்கிறார்கள். முழுவதையும் பாதி வேகத்தில் வாசித்துப் பார்க்கிறார்கள். வேகம் குறைந்தால் விரல் பழக்கம் கைவிட்டுவிடும், மனத்துக்குத் தெரிந்தது மட்டும் மிஞ்சும். ஒரு பகுதிக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, எந்த இடத்திலிருந்து கேட்டாலும் தொடங்கப் பழகுகிறார்கள். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று 1 முதல் 5 வரை எண் போட்டு வைப்பதும் இதற்காகத்தான். கச்சேரிக்கு முந்தைய வாரம் ஓர் எண்ணை மாற்றினால், மேடையில் பழைய விரலும் புதிய விரலும் முட்டிக்கொள்ளும்.

ஆம்ஸ்டர்டாமில் போர்ச்சுகீசியப் பியானோ கலைஞர் மரியா ஜுவாவ் பீரெஷ், ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் கன்செர்ட்டோ வகையில் மோட்சார்ட் எழுதிய ஒன்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, ஆர்க்கெஸ்ட்ரா வேறொன்றைத் தொடங்கிவிட்டது. மோட்சார்ட்டின் டி மைனர் கன்செர்ட்டோ. பியானோ நுழைவதற்கு முன் வரும் முன்னிசைக்குள் மனத்தைத் திரட்டி, பிசகாமல் வாசித்து முடித்தார். வரம் என்று சொல்லி அதை முடித்துவிடலாமா? அவர் ஏற்கெனவே மேடையில் வாசித்து மனத்தில் ஊன்றியிருந்த படைப்பு அது.

பியானோவைப் பற்றியாவது விமர்சகர் ஒரு சொல் எழுதியிருக்கலாம். வயலின்காரர் தன் வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோவார். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் போலச் சொந்தப் பியானோவுடன் பயணம் செய்ய முடிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு அரங்கில் இருப்பதுதான் வாத்தியம். விரல் அழுத்தினால் பியானோக் கட்டை இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். அதை இறக்க வேண்டிய எடை சுமார் 50 கிராம். அது கூடினால் மெல்லிய இடங்களில் ஸ்வரம் பேசாமல் போகலாம். உள்ளே தந்தியை அடிக்கும் சுத்தியின் ஃபெல்ட், அதாவது அழுத்திய கம்பளி, அடிபட்டு அடிபட்டு இறுகினால் ஒலி கண்ணாடிபோல் கீச்சிடும். சுருதி சேர்க்கும் ட்யூனர் அதை ஊசியால் குத்தித் தளர்த்துவார். ஒரு குத்து கூடினால் ஒலி மழுங்கிவிடும், மாலைக்குள் அதைச் சரிசெய்ய முடியாது. காலி அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது எதிரொலி மிகுதி. இரவில் ஆட்கள் நிறைந்ததும் ஒலி வறண்டுபோகும், ஒலியை நீட்டும் பெடலில் காலை வேறு கணக்கில் வைக்க வேண்டும். இத்தனையும் ஒத்திகைக்குக் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில்.

இன்னும் சில வருத்தங்களும் உண்டு, பொறுத்தருள்க. முன்பொரு இதழில் மின் கீபோர்டின் படத்துக்குக் கீழே 'பியானோ' என்று அச்சிட்டிருந்தீர்கள். போட்டிகளைப் பற்றிய கட்டுரையில், பரிசு வாங்கினால் வாழ்வு நிலைத்துவிடும் என்று எழுதியிருந்தது. 1958-ல் மாஸ்கோவில் சாய்கோவ்ஸ்கி போட்டியில் வென்ற அமெரிக்கப் பியானோ கலைஞர் வான் கிளைபர்ன் 1978-ல் மேடையை விட்டு ஒதுங்கினார். வென்றவரிடம் எல்லா ஊரிலும் வென்ற கன்செர்ட்டோவையே கேட்பார்கள். அடுத்ததைக் கற்க நேரம் எங்கே? பெரிய அரங்குகள் ஓரிரு ஆண்டு முன்பே நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கும். காய்ச்சலில் கச்சேரி ரத்தானால் பெரும்பாலும் சம்பளமில்லை.

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷரைப் பற்றி 'கை வலியால் விலகினார்' என்று ஒரே வரி போட்டதைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. 1960களின் நடுவில், முப்பதுகளின் பிற்பாதியில், அவருடைய வலது கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் உள்ளே சுருண்டுகொண்டன. அது டிஸ்டோனியா, நரம்புக் கோளாறு. அவர் விலகவில்லை. இடது கைக்கென எழுதப்பட்டவற்றை வாசித்தார், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரானார், கற்பித்தார். 1990களில், இறுகிய தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி சிகிச்சைக்குப் பின் இரண்டு கையோடும் மேடைக்குத் திரும்பினார். முப்பது ஆண்டு ஒரு மனிதர் போராடியதற்கு மூன்று சொல்தானா, ஐயா?

விமர்சகர் உடையை வர்ணிக்க ஒரு பத்தி எடுத்துக்கொண்டார். வாசித்தவை எவை என்று மட்டும் அதில் இல்லை. அடுத்த விமர்சனத்திலிருந்து வாசித்த படைப்புகளின் பட்டியலையும், பியானோவுக்குச் சுருதி சேர்த்தவரின் பெயரையும் கட்டம் கட்டிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்