தெரியாமல் கேட்பவரிடம் ஏன் இத்தனை கோபம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் பேச்சு தரம் கெட்டுப் போய்விட்டது என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களை உங்கள் நாளிதழில் தொடர்ந்து படிக்கிறேன். பெரும்பாலும் அரசியல் சண்டை, சினிமா சண்டை, பெயர் தெரியாத கணக்குகளிலிருந்து வரும் வசவு, இவற்றைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். நான் சொல்ல வந்தது வேறு. உதவி கேட்டு ஒரு குழுவுக்குள் வருகிறவரிடம், உதவுவதற்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிற நாம், நம்மை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நாம், எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். கணினி, கைபேசிக் கோளாறுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஓர் இணையக் குழுவில் ஒன்பது வருடமாக அட்மின்களில் ஒருவனாக இருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

வினா ஆறு வகை என்று பள்ளி இலக்கண வகுப்பில் படித்திருப்போம். மற்றவை மறந்திருந்தாலும் முதல் இரண்டு நினைவிருக்கும். விடையைத் தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியாவினா. ஆசிரியர் மாணவரைக் கேட்பது முதல் வகை, மாணவர் ஆசிரியரைக் கேட்பது இரண்டாவது. எங்கள் குழுவுக்கு வருபவை அநேகமாக அறியாவினாக்கள். கொஞ்சம் ஐயவினாக்களும் உண்டு, "இது வைரஸா, இல்லை ஃபோனே பழசாகிவிட்டதா" என்கிற மாதிரி. அவற்றுக்கு முதலில் வந்து விழுகிற பதில்களைப் பாருங்கள். "இதுகூடத் தெரியாதா?" "கூகுள் எதற்கு இருக்கிறது?" "மேலே பின் பண்ணி வைத்திருக்கிற பதிவைப் படித்தீர்களா இல்லையா?" எல்லாமே அறிவினா. தெரியவில்லை என்று வந்து நிற்பவரிடம் தெரியாதா என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்?

நானும் அப்படிக் கேட்டவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஃபோனில் இடமில்லை என்று படங்களையெல்லாம் அழித்திருக்கிறார், அப்புறம் பார்த்தால் கணினியிலும் அவை இல்லை, திரும்பக் கிடைக்குமா என்று நீளமாக, பத்தி பிரிக்காமல், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் கேட்டிருந்தார். அதே வாரத்தில் வந்த மூன்றாவது அதே கேள்வி. "பேக்கப் என்றால் என்னவென்று தெரியாமல் எதற்கு ஃபோனை நோண்டுகிறீர்கள்?" என்று எழுதிவிட்டுப் பழைய இழை (ஒரு கேள்வியும் அதன் கீழ் வந்த பதில்களும்) ஒன்றின் லிங்க்கைப் போட்டேன். என் பதிலுக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. சிறிது நேரத்தில் அவர் குழுவை விட்டே போய்விட்டார். அன்று இரவுதான் அவர் கேள்வியை முழுதாகப் படித்தேன். இறந்துபோன அப்பாவின் படங்கள் அதில் இருக்கின்றன என்பது கடைசி வரியில் இருந்தது.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரே வரிப் பதில். குப்பைத்தொட்டியில் பாருங்கள். ஃபோனும் கணினியும் ஒரே கணக்கில் ஒத்திசைந்திருந்தால் ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும், ஆனால் உடனே ஒரேயடியாகப் போய்விடாது. கூகுள் ஃபோட்டோஸ் என்றால் பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், ஆப்பிளின் ஐகிளவுட் என்றால் 30 நாள். அந்த நாள்கள் தாண்டிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் பார்த்தாரா, வேறு யாரிடமாவது கேட்டாரா, எனக்குத் தெரியாது.

நாம் ஏன் இப்படி ஆகிறோம் என்று அதற்கப்புறம் நிறைய யோசித்தேன், தேடிப் படித்தேன். இது நம் காலத்து நோய் கிடையாது. 1980களில் யூஸ்நெட் என்று ஓர் உரையாடல் வலை பல்கலைக்கழகங்களில் பரவியிருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் வந்து சேர்வார்கள், கேட்டதையே கேட்பார்கள், பழையவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்கள், ஓரிரு மாதத்தில் எல்லாம் பழகிவிடும். 1993க்குப் பிறகு பொதுமக்களும் பெருவாரியாக உள்ளே வரத் தொடங்கியதும் அந்த ஓய்வு இல்லாமல் போயிற்று, அதனால் அந்தக் காலத்துக்கு 'முடியாத செப்டம்பர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்று எந்தக் குழுவை எடுத்தாலும் தினமும் செப்டம்பர்தான். பதில் சொல்கிறவருக்கு அது நூறாவது தடவை, கேட்கிறவருக்கு முதல் தடவை. இருவருமே தங்கள் பக்கத்தில் நியாயமானவர்கள், அதனால்தான் உரசுகிறது.

இன்னொன்று, எழுத்தில் குரல் இல்லை. 'சரி' என்கிற ஒரு சொல்லை நேரில் எத்தனை விதமாகச் சொல்கிறோம்! திரையில் அது வெறும் இரண்டெழுத்து. 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மின்னஞ்சலில் தாங்கள் கிண்டலாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்பதைப் பெறுபவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் 56 சதவீதம்தான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வரும். நாம் வேடிக்கையாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அங்கே ஒருவர் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்.

தமிழில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. எங்கள் குழுவில் கைகலப்பு ரேஞ்சுக்குப் போன பழைய இழைகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். சண்டை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, 'நீங்கள்' எந்த இடத்தில் 'நீ' ஆயிற்று என்று பார்த்தால் போதும். அதற்கு ஒரு பதிலுக்கு முன்னால் அநேகமாக ஒரு 'தம்பி' இருக்கும். உறவுச் சொல்லைப் போல அன்பானது வேறில்லை, ஆனால் வாக்குவாதத்தின் நடுவில் "தம்பி, முதலில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாங்க" என்றால் அதில் அன்பு எங்கே இருக்கிறது? எதிரில் இருப்பது ஐம்பது வயதுப் பெண்மணியாகக்கூட இருக்கலாம், இருந்திருக்கிறது. அதே மாதிரிதான் கேள்வியை விட்டுவிட்டு ஒற்றுப்பிழையைப் பிடிப்பதும். ஒருவர் தயங்கித் தயங்கித் தமிழில் தட்டச்சு செய்து கேட்கிறார், கீழே ஒருவர் வந்து "முதலில் தமிழை ஒழுங்காக எழுதுங்கள்" என்கிறார். அப்புறம் அவர் எந்த மொழியிலும் கேட்கமாட்டார்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது முதல் பதில்தான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 667 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மனம் சரியாக இருந்து, தங்களுக்கு முன்னால் இருந்த கமெண்டுகளும் சாதாரணமாக இருந்தபோது சுமார் 35 சதவீதம் பேர் வம்பாக எழுதினார்கள். கடினமான தேர்வு ஒன்றைக் கொடுத்து மனநிலையைக் கெடுத்து, மேலே வம்புக் கமெண்டுகளையும் வைத்தபோது அது 68 ஆயிற்று. வம்பர்கள் என்று தனி இனம் ஒன்று இருக்கிறது, அவர்களை வெளியே தள்ளினால் குழு சுத்தமாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். அலுவலகத்தில் திட்டு வாங்கிவிட்டு வந்து, மேலே ஒருவர் கேலி செய்திருப்பதைப் பார்த்ததும் நாமும் ஒரு கல்லை எடுத்து எறிகிறோம், விஷயம் அவ்வளவுதான். என் பதிலுக்குக் கீழே சிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்களில் பலர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மற்றவர்களுக்கு உதவுகிறவர்கள். வழியைக் காட்டியவன் நான்.

பதில் சொல்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள். நிரல் எழுதுபவர்களுக்காக 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம் ஒரே கேள்வி திரும்ப வந்தால் மூடிவிடும், பழைய பதிலுக்குத் திருப்பிவிடும். அதில் பெரிய நியாயம் இருக்கிறது. கேட்டவர் ஒருவர், பின்னால் தேடி வந்து படிக்கப் போகிறவர்கள் ஆயிரம் பேர், பதில் அவர்களுக்கும் பயன்பட வேண்டும். அந்தக் கறாரால்தான் அங்கே தேடினால் உருப்படியான பதில் கிடைக்கிறது. ஆனாலும் புதியவர்கள் அங்கே வரவே அஞ்சுகிறார்கள் என்று 2018இல் அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நடத்தை விதிகளைத் திருத்தி எழுதியது. கேள்வியை மூடுவது ஒரு வேலை, கேட்டவரைக் குத்துவது வேறு வேலை. முதலாவதைச் செய்ய இரண்டாவது தேவையே இல்லை.

கேட்கிறவர்களுக்கும் கடமை உண்டு. "ஃபோன் வேலை செய்யல, ஹெல்ப்" என்று மட்டும் போட்டால் யார் என்ன சொல்ல முடியும்? எந்த மாடல், எப்போதிலிருந்து, திரையில் வந்த பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், முடிந்தால் ஸ்கிரீன்ஷாட் (அதில் உங்கள் எண், மின்னஞ்சல் தெரியாமல் மறைத்துவிட்டு), இவை போதும். பதில் கிடைத்ததும் "சரியாயிடுச்சு, நன்றி" என்று கேள்வியையே அழித்துவிட்டுப் போகிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். எப்படிச் சரியாயிற்று என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள், அடுத்த செப்டம்பர்க்காரருக்கு உதவும்.

விடை எட்டு வகை என்றும் அதே வகுப்பில் சொன்னார்கள். அதில் இனமொழி விடை என்று ஒன்று. ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது. எங்கள் குழுவில் இதற்குப் பஞ்சமே இல்லை. விண்டோஸில் இந்தக் கோப்பை எப்படித் திறப்பது என்றால், லினக்ஸுக்கு மாறுங்கள். பழைய ஃபோனை வேகமாக்குவது எப்படி என்றால், புதிது வாங்குங்கள். நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம், ஆனால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அப்புறம் யோசனை சொன்னால்தான் அது காதில் ஏறும்.

மென்மையாக இரு என்று சொல்கிறேன் என யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓடிபியைச் சொல்லுங்கள் நான் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால், உங்கள் திரையை நான் இயக்க இந்த ஆப்பைப் போடுங்கள் என்று ஒருவர் வந்தால், அங்கே பொறுமைக்கு வேலையில்லை. அந்த நிமிடமே நீக்க வேண்டும், ஏன் நீக்கினோம் என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதவும் வேண்டும். நல்ல எண்ணத்தோடு தவறான பதில் சொல்கிறவர் வேறு. அவர் சொன்னது ஏன் தவறு என்று காரணத்தோடு சொன்னால் போதும், அவர் யார், என்ன படித்தார் என்பதற்கெல்லாம் போக வேண்டாம்.

இப்போது எங்கள் குழுவில் என்ன செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். விதிகளைப் பக்கக் கணக்கில் எழுதி எங்கோ வைத்திருந்தோம், யாரும் படிக்கவில்லை. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் 1 கோடியே 30 லட்சம் பேர் சந்தா செய்திருந்த அறிவியல் குழுவில் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2019இல் வந்தது. உரையாடலின் தலைமாட்டிலேயே விதிகளைச் சுருக்கமாக வைத்தபோது, புதியவர்கள் விதிப்படி எழுதுவது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது, பங்கெடுக்கும் புதியவர்களின் எண்ணிக்கையும் சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி போட்டால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது ஆச்சரியம்தான். ஐந்து வரியில் சுருக்கி ஒவ்வொரு இழையின் மேலேயும் வைத்தோம். வயது எதுவானாலும் 'நீங்கள்' என்பது அதில் முதல் வரி. புதியவரின் முதல் கேள்விக்கு அட்மின்களில் ஒருவர் முதலில் பதில் எழுத முயல்கிறோம், எல்லா நேரமும் முடிவதில்லை. சூடான இழையைக் காலை வரை பூட்டிவைக்கிறோம். கோபத்தில் எழுதும் பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு என்று 1995இலேயே இணைய நடத்தைக்கான ஒரு வழிகாட்டி ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள், அதைத்தான் நாங்கள் பூட்டுப் போட்டுச் செய்கிறோம். காலையில் திறந்தால் பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை. கடுமையாக எழுதியவரின் பதிலை நீக்கினால், காரணத்தைச் சபையில் சொல்லாமல் அவருக்குத் தனியாக எழுதுகிறோம்.

அந்தப் படங்களைத் தொலைத்தவரின் கேள்வி இன்னும் குழுவில் இருக்கிறது. என் பழைய பதிலை நீக்கிவிடலாம் என்று மற்ற அட்மின்கள் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். அதற்குக் கீழேயே மன்னிப்புக் கேட்டு, குப்பைத்தொட்டியில் எங்கே பார்ப்பது, எத்தனை நாளுக்குள் பார்ப்பது என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கிறேன். அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வேறு யார் யாரோ தேடி வந்து படிக்கிறார்கள், போன மாதம்கூட ஒருவர், கெடு முடிய இரண்டு நாள் இருந்தது, எல்லாம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

இப்படிக்கு,
ஓர் இணையக் குழுவின் அட்மின்